நாற்பது நாற்காலிகள்

தீயணைப்பு வண்டியை வெளியே பனியில் நிறுத்திவிட்டு
அது நின்ற இடத்தில் நாற்காலி போட்டோம்.
ஒடெட் நாற்பது வேண்டும் என்றாள்.
பதினைந்தே அதிகம் என்றேன்.
கூடத்துச் சாவி என் கையில், ஆகவே
கடைசியில் மடக்கி அடுக்குவதும் என் தலையில்.

மூன்று வாரமாக அவள்
மின்கம்பங்களில் நீல நாடா கட்டிக்கொண்டிருந்தாள்,
கடல் வந்து தொடப்போகும் உயரத்தில்.
ஒரு நாளைக்கு இருமுறை
நாலு மாடி ஏறி இறங்கும் தண்ணீர் இது,
இதற்குப் போய் அரை மீட்டர் கணக்கா
என்றார்கள் பார்த்தவர்கள்.
கட்டக் கட்ட யாரோ அவிழ்த்தார்கள்.
யாரென்று பிறகு சொல்கிறேன்.

வந்தவர்கள் பதினொரு பேர்.
ஒருவர் காப்பிக்காக.
ஒருவர், வீட்டில் மின்சாரம் இல்லையாம்,
கைபேசிக்கு உயிரேற்ற.

பல்கலைக்கழகத்திலிருந்து நான்கு மணி நேரம் ஓட்டி வந்த
முனைவர் ஹால்வொர்சன்
திரையில் ஃபண்டி விரிகுடாவை விரித்தார்:
மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அதைவிடச் சிவப்பு.
"இரண்டாயிரத்து நூறாம் ஆண்டில்" என்று தொடங்கினார்.
"எனக்கு மார்ச்சில் படகுத் தவணை" என்றான் டெல்ஃபீஸ்.
எல்லோரும் சிரித்தோம்.
அவரும் சிரித்தார், ஒரு நொடி பிந்தி.

நிகழ்தகவு என்றொரு சொல்
அத்தனை காலி நாற்காலி இருந்தும்
உட்காராமல் நின்றுகொண்டே இருந்தது.

அப்போதுதான் ரெஜான்,
பனி வாரும் வண்டி ஓட்டுபவன்,
கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை,
சுவரில் சாய்ந்தபடி கேட்டான்:
"இதில் என் சாலை எங்கே?"

அவர் தேடினார்.
பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.
ஊர் சதுரம் சதுரமாக உடைந்ததே தவிர
சாலை வரவில்லை.
"தெரியவில்லை" என்றார்.
அன்றிரவு எங்களுக்குப் புரிந்த முதல் வாக்கியம்.

கணினியை மூடினார்.
சுண்ணக்கட்டி இருக்கிறதா என்றார்.
இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் விட்டுப்போனது. இளஞ்சிவப்பு.

டீசல் கறை படிந்த சிமெண்ட் தரையில்
ரெஜான் முழங்காலிட்டு ஊரை வரைந்தான்:
மண்கரை, தேவாலயம், சிங்கி இறால் கிடங்கு,
பாலத்துக்கு முன்னால் தினமும் அவன் திட்டுகிற வளைவு.
டிசம்பர் புயலில் தண்ணீர் எங்கெல்லாம் நின்றதோ
அங்கெல்லாம் ஒரு நாற்காலி, என்றார் முனைவர்.

முதலில் டெல்ஃபீஸ். கிடங்கு வாசலில் இரண்டு.
காப்பிக்கு வந்தவர் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றை வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் அதன் முதுகைப் பிடித்தபடி நின்றார்.
பிறகு சண்டை.
"அங்கே இல்லை, இங்கே."
"உன் முயல் கூண்டு மிதந்து போனது மறந்துவிட்டதா?"
கைபேசிக்காரர் கைபேசியை மறந்தே போனார்.
இழுபடும் இரும்புக் கால்களின் கூச்சலில்
முனைவர் எழுதிக்கொண்டே இருந்தார்,
"மெதுவாக, மெதுவாக" என்று கெஞ்சியபடி.

முப்பத்தொன்பது.
மீதி ஒன்று, என் பக்கத்தில்.

என் வீடு விற்பனைக்கு இருக்கிறது.
டொராண்டோ தம்பதி, கடல் பார்த்த ஜன்னல் வேண்டுமாம்.
நிலவறைச் சுவரில் தண்ணீர் போட்ட கோட்டின் மேல்
இரண்டு பூச்சு வெள்ளையடித்திருக்கிறேன்.
என் வாசல் கம்பத்து நாடாவை
மூன்று முறை அவிழ்த்தவனும் நான்தான்.
முடிச்சு முறைக்கு முறை இறுகிக்கொண்டே வந்தது.

ஒடெட் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவள் பட்ட பாடு தெரிந்தது.

எடுத்தேன். கனமே இல்லாத நாற்காலி.
பள்ளத் தெரு, ஏழாம் எண்.
வைத்தேன்.
"எவ்வளவு உயரம்?" என்றார் முனைவர், தலை நிமிராமல்.
"முழங்காலுக்கு மேல்."
எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

மணி பதினொன்றரை. எல்லோரும் போயாயிற்று.
தீயணைப்பு வண்டி வெளியே வெள்ளையாகிக்கொண்டிருக்கிறது.
நியாயமாக இந்நேரம் மடக்கி அடுக்கியிருக்க வேண்டும்.
நான் ஏணியில் ஏறி நின்று பார்க்கிறேன்,
ஆளில்லாமல் கூடம் நிறைந்திருப்பதை.

காலை ஒன்பதுக்கு டொராண்டோவிலிருந்து அழைப்பார்கள்.
நிலவறையைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறதாம்.